மடியில் அதிரசம்

பாலையம்பட்டியில் ஏறிய அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைத் தங்கபுஷ்பம் யோசித்து எடுப்பதற்குள் எவர்சில்வர் தூக்குவாளி அவள் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. "கொஞ்சம் வச்சுக்கங்கக்கா, வலையங்குளத்துல எறங்கிருவேன்." ஊதாப் பட்டு, பெரிய குங்குமப் பொட்டு, ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் பழப்பையும் பூப்பொட்டலமும். மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவளின் மடி நிற்பவளுக்குச் சொந்தம், அதில் போய் என்ன சண்டை போடுவது, அவளே எத்தனை தடவை பையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தொங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் வாளி சுடச்சுட இருந்தது. சேலையையும் பாவாடையையும் தாண்டிச் சூடு தொடைக்கு இறங்கியது, அதன் பின்னாலேயே வாசம் மேலே ஏறியது. மூடியைச் சுற்றி மஞ்சள் துணி போட்டு முடிந்திருந்தும் அது வழி கண்டுபிடித்து வந்தது. வெல்லப்பாகு, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு, நெய். அதிரசம். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வாள். காலையில் சுட்டது, பாகு பதம் தவறாதது, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று நடுவில் மெத்தென்று இருப்பது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸில், இத்தனை ஒல்லிக்குச்சிகள் காற்று வாங்கிக்கொண்டு வருகிற பஸ்ஸில், அவளுக்கு என் மடிதானா கிடைத்தது, அதுவும் இன்றைக்கு, எடை மெஷினில் ஏறப்போகிற இன்றைக்கு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே கருவேலங்காடு ஓடியது. கருவேலங்காட்டுக்கு வாசம் இல்லை என்பதால் அது ஒரு உதவியும் செய்யவில்லை.

தண்ணி குடிங்க, என்று சொல்லியிருந்தது அந்தப் பெண், ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்வதற்கென்றே ஒரு தனி அறையில் உட்கார்ந்திருக்கிற பெண். இடுப்பு ஒரு பிடிதான் இருக்கும். இனிப்பு சாப்பிடணும்னு தோணுச்சுன்னா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் பத்து நிமிஷம் வேற எதையாவது நினைங்கம்மா, போயிரும். போயிருமாம். எங்கே போகும்? தங்கபுஷ்பம் பாட்டிலைத் திறந்து குடித்தாள். போகவில்லை. தண்ணீர் உள்ளே போய் ஆசையைக் கழுவி இன்னும் பளிச்சென்று ஆக்கியதுதான் மிச்சம். வேறு எதையாவது நினைக்க வேண்டும். எதை நினைப்பது? தைத்து முடிக்காமல் வைத்துவிட்டு வந்த ரவிக்கைகளை நினைத்தாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு, ஊரில் உள்ள அத்தனை பெண்களின் இடுப்புக்கும் டேப்பைச் சுற்றி அளவெடுத்துச் சொல்கிற பிழைப்பு. அந்த டேப்பைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு வருஷக்கணக்காகிறது. ரவிக்கை இறுக்கினால் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்வாள், அளவு பார்க்கமாட்டாள். வீட்டுக்காரர் குருநாதனிடம் சொன்னால் அவருக்கு ஒரே வைத்தியம்தான், நடக்கச் சொல்வார். காலையில்கூட வாசலில் நின்றுகொண்டு, "ஏ புஷ்பம், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போயேன், இன்னும் கொஞ்சம் குறையும்ல," என்றார். எடை பார்க்கப் போகிற அன்றைக்குக் காலையில் நடந்தால் குறையுமா? இவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்? அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி, கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுக்கா, அது இயற்கைதானே என்று ஒரு வட்டை நீட்டுகிறாள். இன்னொருத்தி பேரீச்சம்பழம். இன்னொருத்தி தேன். எல்லோருக்கும் ஒரு இனிப்பு விதிவிலக்காகத் தெரிந்திருக்கிறது, எல்லா விதிவிலக்கும் அவள் வாசல் வழியாகத்தான் வருகிறது. பாகற்காய்ச் சாறும் குடித்துப் பார்த்தாயிற்று, குடித்து முடித்த கையோடு நாக்கு பழிக்குப் பழி வாங்குவது போல அடுக்களையில் சீனி டப்பாவைத்தான் தேடியது. வாளி ஒரு பள்ளத்தில் குலுங்கி உள்ளே அதிரசங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. இந்த டிரைவருக்குத்தான் என்ன அவசரம்.

கேட்கும், ஏன் கேட்காது, சின்னதிலிருந்தே இதற்கென்று தீட்டி வைத்த காது இது. தம்பி மாரீஸ்வரன் பிறந்தபோது அவளுக்கு விவரம் தெரிந்த வயது. குழந்தை லேசில் தூங்கமாட்டான். தூங்க வைத்துவிட்டு அம்மா அடுக்களைக்குள் போய் வெல்லப்பானையைத் திறப்பாள், மூடி பானை விளிம்பில் உரசுகிற சத்தம் வரும், ஒரு சின்னத் துண்டைக் கொண்டுவந்து இவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாள். தம்பி தூங்குறான், வாயைத் திறக்கக்கூடாது, என்ன? வாயைத் திறந்தால் வெல்லம் விழுந்துவிடும். கன்னத்தின் ஓரத்தில் அடக்கிக்கொண்டு, உறிஞ்சாமல், தானாகக் கரையவிட்டு, தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக இல்லை, அவனைத் தூக்கிச் சுமந்து இவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்று என்று அம்மா சொல்வாள். அந்தத் தம்பிதான் இப்போது ஆஸ்பத்திரியில் குழாயைச் சொருகிக்கொண்டு கிடக்கிறான், ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள், கை முழுக்கப் புடைத்துப்போய், முகம் வெளிறி, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அவனுக்குத் தண்ணீரையே மறுத்திருக்கிறார்கள். உனக்கு அதிரசம் ஒன்றுதான் கேடா? ஆனால் இப்படிக் கேட்டுக்கொண்டால் ஆசை குறைய வேண்டும்தானே? குறையவில்லை. வெட்கம் வேறு சேர்ந்து, ஆசையும் வெட்கமும் இரட்டை மாடு மாதிரி இழுத்தன. அவன் பெண்டாட்டி செண்பகத்தின் ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். கிட்னி கொடுக்கச் சேர்ந்தது அக்காவுக்கு மட்டும்தான். அன்றைக்குக் குருநாதன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "நான் தர்றேன்," என்றாள். சொன்னவுடனே எல்லோரும் அழுதார்கள், அவள் அழவில்லை. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார், உங்க எடையில இப்ப ஆபரேஷன் பண்ண முடியாதும்மா, சர்க்கரையும் எல்லைக்கோட்டுல நிக்குது, எடை குறையணும், சர்க்கரை அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டிருச்சுன்னா உங்ககிட்ட எடுக்கவே முடியாது.

தாண்டிருச்சுன்னா எடுக்கவே முடியாது. இந்த வாக்கியம்தான் அவளை விடமாட்டேன் என்கிறது. மெஷினில் நூல் சிக்கினால் ஊசி அதே இடத்தில் குத்திக்குத்தித் துணியைக் கந்தலாக்குமே, அப்படி. எடுக்கவே முடியாது என்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அக்கா கொடுக்கத்தான் நினைத்தாள், பாவம், அவளுக்கே சர்க்கரை வந்துவிட்டது என்பார்கள். பார்க்கவும் வருவார்கள். ச்சீ, இது என்ன நினைப்பு. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, எனக்கு இனிப்பு பிடிக்கும், அவ்வளவுதான், வயிற்றுப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே பிடிக்கும், இதில் என்ன சூழ்ச்சி வேண்டிக் கிடக்கிறது. அப்படியானால் இரண்டு மாதத்துக்கு முன்னால்? ஒன்றுமே தின்னாமல் வாயைக் கட்டி, சோற்றைக் குறைத்து, எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, டாக்டர்கூட, பரவாயில்லையே, இப்படியே போனா சீக்கிரம் தேதி குறிச்சிரலாம் என்றார். தேதி என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், வழியில் இறங்கி லட்டு வாங்கினாள். யாருக்கு? யாருக்கும் இல்லை. வீட்டில் மெஷின் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்து, ரவிக்கை தைக்கத் தைக்க ஒவ்வொன்றாக. அதற்கு அடுத்த தடவை எடை பழையபடி ஏறி நின்றது. நர்ஸ் சொன்ன எண்ணைக் கேட்டுச் செண்பகம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் ஒன்றும் சொல்லமாட்டாள். மதினி, மதினி என்று மரியாதையாகக் காபி வாங்கிவந்து கொடுத்தாள், சீனி போடாத காபி. கொடுக்கும்போது அவள் பார்வை தன் இடுப்பில் ஒரு நொடி நின்று போனதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். என் உடம்பு, என் இடுப்பு, உனக்கென்னடி என்று கேட்டிருக்கலாம். காபியைக் கொடுத்து இப்படியா மனுஷியைக் கொல்வது. இந்தச் செண்பகம் வேறு, எந்தப் பத்தியமும் இல்லாமல், கவலையிலேயே உருகி, அவளுடைய பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. கவலை அவளை இளைக்க வைக்கிறது, என்னை ஊத வைக்கிறது. ஒரே கவலைதானே, ஒரே ஆள்மேல் உள்ள கவலைதானே, இதில்கூடவா ஆளுக்கொரு நியாயம்.

காரியாபட்டியில் ஒரு கூட்டம் ஏறியது. ஊதாச் சேலைக்காரி நெரிசலில் வாசல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள், இப்போது அவளுடைய முதுகுதான் தெரிந்தது. கண்டக்டர் யாரோடோ சில்லறைக்கு மல்லுக்கு நின்றார். பக்கத்து சீட்டில் இருந்தவள் தூங்கி விழுந்துகொண்டு வந்தாள். அப்போது போன் அடித்தது, செண்பகம். எடுத்துக் காதில் வைத்தாள். "மதினி, எங்க வந்துக்கிட்டு இருக்கீக?" காரியாபட்டி தாண்டியாச்சு என்றாள். "டாக்டரு இன்னைக்கு சீக்கிரமே கெளம்பிருவாராம். நான் வாசல்லயே நிக்கிறேன். அவுகளுக்கு உள்ள டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்கு." சரி என்றாள். "சாப்ட்டீகளா மதினி?" சாப்ட்டீகளா. இதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் சாப்பிடாமலா வருகிறீர்கள் என்ற கரிசனமா, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்ற கணக்கா, எத்தனை வருஷமாக எத்தனை பேர் கேட்கிற கேள்வி, இவள் வாயில் வரும்போது மட்டும் ஏன் போலீஸ்காரன் கேட்கிற மாதிரி இருக்கிறது. "ரெண்டு இட்லி," என்றாள். அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதே அவளுடைய இடது கை மஞ்சள் துணியின் முடிச்சைத் தளர்த்தியிருந்தது. முடிச்சு லேசானது, இழுத்தால் வந்துவிடுகிற முடிச்சு. செண்பகம் இன்னும் எதுவோ சொல்லிக்கொண்டிருந்தாள், பணிவாக, மெதுவாக, பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாருடைய பெயரையோ கூப்பிட்டது, மூடி ஓசையில்லாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, சரி வச்சிர்றேன் மதினி, பாத்து வாங்க. போன் அணைந்தபோது அதிரசம் பாதி வாய்க்குள் இருந்தது. வெல்லம் கன்னத்தோரம் போய் அடங்கியது, அது போகிற இடம் அதற்குத் தெரியும். ஐயோ என்று தோன்றவில்லை. முதலில் அப்பாடா என்றுதான் தோன்றியது. மென்றாள். மீதிப் பாதியையும் போட்டு மென்றாள். மூடியை அமுக்கி, துணியை முடிந்து, எண்ணெய் விரல்களை முந்தானை உட்புறத்தில் துடைத்தாள். என்னையறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். அது பொய். அறிந்துதான் செய்தாள், முடிச்சை அவிழ்க்கும்போது முதுகு திரும்பியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

விழுங்கி முடித்து நாக்கைப் பல்லில் துழாவியபோதுதான் வந்தது அது. போன் மணி. லட்டு வாங்கிய அன்றைக்குத் தேதி. இன்றைக்குச் செண்பகம். வாசம் அரைமணி நேரமாக மடியில்தானே இருந்தது, சூடும் மடியில்தானே இருந்தது, அப்போதெல்லாம் எரிச்சல்பட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டு கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டுதானே வந்தாள். போனில் பெயர் வந்ததும்தான் கை போனது. அப்படியானால் கேட்டது நாக்கு இல்லை. நாக்கு பாவம், பழி சுமக்கிறது. கத்தி வைத்துக் கிழிப்பார்கள், விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில். இதைத்தான் அவள் யாரிடமும் கேட்டதில்லை. எவ்வளவு நீளம் கிழிப்பார்கள்? எடுத்த இடம் காலியாக இருக்குமா? மிச்சம் ஒன்று இருக்குமே, அதுவும் கெட்டுப்போனால் அப்போது யாரிடம் போய் நிற்பது? மெஷின் மிதிக்க முடியுமா? மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா? தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னவள் இதையெல்லாம் கேட்டால் பின்வாங்குகிறாள் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் கேட்கவில்லை. கேட்க வேண்டியது தொண்டைக்கு வரும்போதெல்லாம் மேலே இனிப்பைப் போட்டு அமுக்கிவிட்டிருக்கிறாள். எவ்வளவு பெரிய பொம்பளை, ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள், துணி கிழிந்தால் கடைக்காரனைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறவள், நாலு கேள்வி கேட்கப் பயந்து திருட்டு அதிரசம் தின்கிறாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் முகம் சுட்டது.

வலையங்குளம் வந்தது. ஊதாச் சேலைக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையை நீட்டினாள், "குடுங்கக்கா, ரொம்ப உபகாரம்." கொடுத்துவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது. தங்கபுஷ்பம் வாளியைத் தூக்கினாள், ஆனால் பிடியை விடவில்லை. "ஒண்ணை எடுத்துத் தின்னுட்டேன்," என்றாள்.

"என்னது?"

"அதிரசம். உங்களைக் கேக்காம ஒண்ணு எடுத்துத் தின்னுட்டேன்."

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டாள். ஊதாச் சேலைக்காரி வாளியையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே," என்றாள், குரலில் அன்பு ஒன்றும் இல்லை. "பொண்ணு வீட்டுச் சீருங்க இது. ஒத்தப்படையா எண்ணி வச்சிருந்தேன். இப்ப எரட்டையா நிக்கிதே, இதைக் கொண்டுபோய் சபையில எப்படி எறக்குறது?"

"எறங்குறவங்க எறங்குங்கம்மா," என்றார் கண்டக்டர்.

"இருங்க," என்று அவரை அதட்டிவிட்டு, அவள் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்து, இன்னொரு அதிரசத்தை எடுத்துத் தங்கபுஷ்பத்தின் கையில் திணித்தாள். "இந்தாங்க, இதையும் நீங்களே வச்சுக்கங்க. இப்பச் சரியாப் போச்சு." முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். தங்கபுஷ்பம் உள்ளங்கையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கிடைக்குமா? சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, அதுவும் பாதியில் நின்று எரிச்சலாகவே மாறிவிட்டது. கைக்குட்டையில் சுற்றினாள். பையில் வைத்தாள். பை மணத்தது. ஆனாலும் முதல் தடவையாக ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. சொல்லிவிட்டாள், வானம் இடிந்து விழவில்லை, ஒருத்தி முகம் சுளித்தாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள், கையில் பிளாஸ்க்கும் மருந்துப் பையும், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "வாங்க மதினி, டாக்டரு இன்னும் போகல. வெரசா போயிருவோம்." தங்கபுஷ்பம் நகரவில்லை. கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள். "இதை நீ தின்னு முதல்ல. பஸ்ல ஒருத்தி குடுத்தா. நான் ஏற்கெனவே ஒண்ணு தின்னுட்டுத்தான் வர்றேன்." செண்பகத்தின் பார்வை இடுப்புக்குப் போகவில்லை, கீழே தரைக்குப் போனது. "பரவால்ல மதினி," என்றாள்.

"பரவால்லன்னு சொல்லாத செண்பகம். பரவால்லன்னு நீ சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எனக்குப் பயமா இருக்கு. கிழிக்கிறதை நெனைச்சா பயமா இருக்கு. அதான் தின்னுத் தொலைக்கிறேன்."

ஆட்டோக்காரர் ஒருத்தர் ஓரமாகப் போகச் சொல்லி ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். செண்பகம் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். ரொம்ப மெதுவாக, "வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க மதினி. நான் எதுவும் நெனைக்க மாட்டேன்," என்றாள்.

"வேணாம்னு யாரு சொன்னா? பயமா இருக்குன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?"

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சுவரோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே மதினி. நான் கேட்டா நெருக்குற மாதிரி ஆயிரும். கேக்காம இருந்தா ராத்திரி தூக்கம் வரல. என்ன சாப்பிட்டிருப்பீகளோ, எவ்வளவு ஏறியிருக்குமோன்னே நெனைச்சுக்கிட்டுக் கெடக்கேன். உங்க ஒடம்பை நான் கணக்குப் பாக்குறேனேன்னு எனக்கே அசிங்கமா இருக்கு." தங்கபுஷ்பத்துக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அது இடம் மாறி உட்கார்ந்தது, தன் பக்கத்திலேயே, கூடப் பிறந்தவள் மாதிரி. "சரி, தின்னு. காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்கமாட்ட, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது," என்றாள். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிரசத்தைக் கடித்தாள். அவள் மெல்வதை, கன்னம் உப்புவதை, ஓரம் உடைந்து மடியில் சிந்துவதை ஒன்றுவிடாமல் தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசை எங்கேயும் போய்விடவில்லை. எச்சில் ஊறிக்கொண்டேதான் இருந்தது, விழுங்கிக்கொண்டாள்.

எடை மெஷினில் ஏறினாள். போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. போதாது. சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றது, நூலிழையில். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் குறையணும்மா, அடுத்த மாசம் பாப்போம்," என்று எழுந்திருக்கப் போனார்.

"டாக்டர், உக்காருங்க," என்றாள் தங்கபுஷ்பம். சொன்ன வேகத்தில் அவளுக்கே திடுக்கென்றது. "எங்கிட்டேர்ந்து எடுத்தப்புறம் எனக்கு என்ன ஆகும்னு நீங்க சொல்லல. சொல்லியிருந்தாலும் எனக்குக் காதுல ஏறல. எங்க கிழிப்பீங்க, எத்தனை நாள் வலிக்கும், மிஞ்சுனது கெட்டுப்போனா என்ன செய்றது, எல்லாத்தையும் விவரமாச் சொல்லுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த செண்பகம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தங்கபுஷ்பம் நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.